வாசலை உடைத்தோம்

மதுக்கரை போகும் சாலையில் நானும் என் கணவரும் ஒரு லேத் பட்டறை வைத்திருந்தோம். பம்ப்செட்டுக்கான உதிரிபாகங்களைக் கடைந்து கொடுப்பது தொழில். தொண்ணூறுகளின் நடுவில் அந்தப் பக்கம் பட்டறைகள் நெருங்கி வந்துவிட்டன. ஒருவர் வாசலுக்கு கான்கிரீட் போட்டதும் அடுத்தவரும் போட்டார். எங்கள் வாசலிலும் புல் முளைக்க இடமில்லை.

அந்த வருடம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பட்டறைகளின் கூரைத் தண்ணீரும் வாசல் தண்ணீரும் சேர்ந்து, சரிவில் வரிசையாக ஒட்டிக் கட்டியிருந்த லைன் வீடுகளுக்குள் புகுந்தது. எங்களிடம் வேலை பார்த்த ஒரு பெண்ணின் வீடும் அங்கேதான். வேலைக்கு வரவில்லையே என்று போய்ப் பார்த்தேன். கட்டில்மேல் ஸ்டவ்வை வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாப் பட்டறைத் தண்ணியும் எங்க ஊட்டுக்குத்தானுங்க்கா வருது" என்றாள்.

பட்டறைக்காரர்கள் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். தலைவர் சிரித்தார். "மழைன்னா தண்ணி பள்ளத்துக்குத்தானுங்க அம்மணி போகும். பெருசா ஒரு சாக்கடை கட்டிப்போட்டா வேகமாப் போயிரும்."

"எங்க போகுமுங்க?"

"கீழத்தான்."

அங்கே இருந்த பெண் நான் ஒருத்திதான். என் கேள்வி முடிந்துவிட்டதாக நினைத்து அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். எனக்கு அது முடிந்துவிடவில்லை. எங்கள் வாசலில் விழும் தண்ணீர் எங்கள் வாசலிலேயே இறங்க வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன்.

கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. "லாரி எங்க திரும்பும்?"

"ரோட்டுல நிக்கட்டுமுங்க. சரக்கைத் தள்ளுவண்டியில கொண்டு போலாம்."

மூன்றாம் நாள் கடப்பாரை ஆட்களை அவரே கூட்டிக்கொண்டு வந்தார். பாதி வாசலை உடைத்து, கிண்ணம் மாதிரி பள்ளம் தோண்டி, கூரைக் குழாய்களை அதற்குள் திருப்பினோம். கடைசலில் விழுந்து வாசலில் குவிந்திருந்த ஆயில் படிந்த இரும்புச் சுருளையெல்லாம் பின்பக்க ஷெட்டுக்கு மாற்றினோம். அந்த எண்ணெய் மண்ணுக்குள் இறங்கினால் நான் செய்வதற்கே அர்த்தமில்லை.

முதல் மழையில் எல்லாம் வீணானது. தண்ணீர் இறங்கவே இல்லை. கருமண், அதன்மேல் பல வருடம் லாரி ஏறி இறுகிப் போயிருந்தது. குளம் கட்டி நின்றது, கொசு வந்தது. போகிறவர் வருகிறவரெல்லாம், "மீன் உட்டிருக்கறீங்களா?" என்று கேட்டார்கள். தலைவர் ஒருபடி மேலே போய், "கொசு வளர்க்கறதுக்கு இது இடமில்லைங்க. மூடிப்போடுங்க" என்றார்.

மூடவில்லை. தண்ணீரை இறைத்துவிட்டு இன்னும் ஆழமாகத் தோண்டச் சொன்னேன். கருமண்ணைத் தாண்டியதும் சரளை தட்டுப்பட்டது. உடைத்த கான்கிரீட்டையும் செங்கல் துண்டுகளையும் அடியில் நிரப்பி, மேலே மணலும் மக்கிய எருவும் கலந்த மண்ணைப் போட்டு, வெட்டிவேரும் கல்வாழையும் நட்டேன். ஓரமெல்லாம் அருகம்புல். மறுபடி மழை வந்தபோது தண்ணீர் நின்றது. மறுநாள் சாயங்காலம் பார்த்தால் ஈரம் மட்டும் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறேன், கேட்டுக்கு முன்னால் ஒரு டிப்பர் லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருக்கிறது. வண்டி நிறையக் கட்டட இடிபாடு. பக்கத்தில் தலைவர் நின்றார்.

"சங்கத்துச் செலவுல மூடித் தர்றோமுங்க. உங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை" என்றார். உபகாரம் செய்கிற குரல்.

என் மொபெட்டை டிப்பருக்கும் பள்ளத்துக்கும் நடுவில் குறுக்கே நிறுத்திப் பூட்டினேன். சாவியைப் பர்ஸில் போட்டுக்கொண்டேன்.

"வண்டியை எடுங்க அம்மணி."

"எடுக்க மாட்டேனுங்க. இது எங்க இடம். நீங்க சாக்கடை கட்டுனப்போ வேணாமுன்னு நான் உங்க வாசல்ல வந்து நின்னனா?"

"ஒரு பொம்பளை இப்படிப் பண்ணுனா நல்லாவாங்க இருக்குது?"

"லைன் வீட்டுல தண்ணி பூந்தா நல்லா இருக்குதுங்களா?"

அதற்குள் என் கணவர் உள்ளிருந்து வந்தார். கையெல்லாம் கிரீஸ். ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து மொபெட்டுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார். டிரைவர் எங்களையும் தலைவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில், "எனக்கு வேற லோடு இருக்குதுங்க" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அதன்பிறகு கூட்டங்களுக்கு எங்களைக் கூப்பிடவில்லை. பொங்கலுக்குக்கூட ஒரு சிலர்தான் பேசினார்கள். என் கல்வாழை மட்டும் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்துத் தள்ளியது.

அடுத்த ஐப்பசியில் சங்கத்தின் சாக்கடை பாலித்தீன் பைகளால் அடைத்துக்கொண்டது. தண்ணீர் இந்தத் தடவை பட்டறைகளுக்குள்ளேயே திரும்பியது. எங்கள் மோட்டார்கள் நனையவில்லை. லைன் வீடுகளுக்கு அப்போதும் தண்ணீர் போனது. ஆனால் எங்கள் பக்கத்திலிருந்து ஒரு சொட்டு போகவில்லை.

மழை விட்டதும் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங் அம்மணி, எங்க தண்ணியையும் ஒரு குழாய் வெச்சு இதுக்குள்ள உட்டுக்கலாமுங்களா?"

"முடியாதுங்க" என்றேன். "உங்க வாசலை நீங்க உடைங்க. எப்படித் தோண்டறதுன்னு வேணா வந்து காட்டறேன்."

முகம் சிவந்து போனார். அந்த வாரம் முழுக்க அவர் பட்டறைப் பக்கமிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. நானும் இறங்கிப் போகவில்லை. அதற்கடுத்த திங்கட்கிழமை காலையில், அவர் வாசல் கான்கிரீட்டில் கடப்பாரை விழும் சத்தம் கேட்டது.