காந்தம் ஒட்டிய போல்ட்

எங்கள் கடை மேசை டிராயரில், பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று கிடக்கும். தஞ்சாவூரில் பாத்திரம் வாங்க வருகிறவர்கள்கூடப் பையில் காந்தம் வைத்திருப்பார்கள். ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர். ஒன்பதாவதோடு படிப்பை விட்டு ஹார்டுவேர் கடையில் நின்ற எனக்கும் அதுதான் பரீட்சை. அந்தக் காந்தத்தை நினைத்தால் என் மகளுடைய பள்ளியின் பி.டி. டீச்சர் முகம்தான் வருகிறது.

பிள்ளைகளுக்குப் பாறை ஏறக் கற்றுத்தர வேண்டும் என்று டீச்சருக்கு ஆசை. வயலும் வாய்க்காலுமாகக் கிடக்கிற ஊரில் பாறைக்கு எங்கே போவது? டீச்சர் புதுக்கோட்டைப் பக்கம் ஒன்றைக் கண்டுபிடித்து, அனுமதியும் வாங்கிவிட்டார். பாறையில் துளை போட்டு போல்ட் இறக்கி, அதில் தகடு மாட்டி, தகட்டில் கயிறு கோத்துப் பிள்ளைகளை ஏற்றுவதாகத் திட்டம். அந்தப் பிள்ளைகளில் என் மகளும் ஒருத்தி. கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெளியூரில் சொல்லிவைத்த போல்ட் வரத் தாமதமானது. "உள்ளூர்லயே பாருங்களேன்" என்று தலைமையாசிரியர் சொல்ல, டீச்சர் வெளியூர்க்காரர்கள் மாதிரிக்கு அனுப்பியிருந்த ஒரு போல்ட்டை எடுத்துக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தார். நான் காந்தத்தை வைத்தேன். லேசாக ஒட்டியது. எங்கள் கடை போல்ட் ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன்.

"டீச்சர், இது டூப்ளிகேட்டுங்க. நம்ம கடை போல்ட்டைப் பாருங்க, ஒட்டவே ஒட்டாது."

துபாயில் பல வருடம் இருந்துவிட்டு வந்த முதலாளி பாய் சிரித்தார். "இவன் பொண்ணு பாக்கப் போனப்பவும் காந்தத்தோடதான் போயிருப்பான், டீச்சர்."

"அழுத்தி அடிச்சுச் செஞ்சா நல்ல எவர்சில்வர்லயும் கொஞ்சம் ஒட்டும்ணே. மட்டமானது சிலது ஒட்டவே ஒட்டாது" என்றார் டீச்சர். மோட்டார் பம்புக்குக் கொடுக்கிற பழக்கத்தில் எவர்சில்வர் போல்ட்டோடு நான் துத்தநாகம் பூசிய ஜிஐ இரும்பு வாஷரை எடுத்து வைத்திருந்தேன். அதையும் ஒதுக்கினார். "ரெண்டு உலோகம் ஈரத்துல சேர்ந்தா ஒண்ணு அரிச்சுப் போயிடும். வெளிய தெரியற துருவுக்கு நான் பயப்படலைண்ணே. துளைக்குள்ள இருக்கறதுக்குத்தான்."

சரியான போல்ட் வரும்வரை பாறை ஏறும் முகாமைத் தள்ளிவைத்தார் டீச்சர். "உங்க பயம் டீச்சருக்கும் தொத்திக்கிச்சு" என்று மகள் என்னிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காந்தத்தையும் நம்ப முடியவில்லை, டீச்சரையும் நம்ப முடியவில்லை. மாதிரி போல்ட்டைக் கேட்டு வாங்கி ஒரு டப்பாவிலும், எங்கள் போல்ட்டை வாஷரோடு இன்னொன்றிலும் உப்புத் தண்ணீரில் போட்டு வைத்தேன். காலையில் சாம்பிராணி போடுவதற்கு முன் டப்பாவைத்தான் பார்ப்பேன். "என்னடா, ஊறுகா எப்ப ரெடியாகும்?" என்பார் பாய். சில வாரத்தில் வாஷர் வெள்ளையாகப் பொரிந்தது. எங்கள் போல்ட்டின் மரையில் பழுப்பு கசிந்தது. காந்தம் ஒட்டிய போல்ட் பளபளவென்று கிடந்தது.

பிறகுதான் வெளியூர்ச் சரக்கு வந்தது. போல்ட்டும் தகடும் ஒரே உலோகம். டீச்சர் முதலில் தானே தொங்கிப் பார்த்தார். மகள் ஏறியபோது மற்றப் பெற்றோர் பிள்ளைகளைப் பார்த்தார்கள். நான் போல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டார். மகள் வேலைக்குப் போன ஊரில் இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் பாறை ஏறுகிறாள். கிளம்புவதற்கு முன் போன் செய்வாள்.

"போல்ட்டும் தகடும் ஒரே உலோகம்தானே?"

"ஆமாப்பா."

"பாறையில போல்ட்டை யார் அடிச்சது?"

"எல்லா வீட்லயும் சாப்பிட்டியான்னுதான்ப்பா கேப்பாங்க."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"சரி. யார் அடிச்சதுன்னு சொல்லு."