சீனச் செய்தியும் எங்கள் பட்டுக்கூடுகளும்

ஐம்பதுகளில் பாகலூரில் நாங்கள் பட்டுப்புழு வளர்த்தோம். கூடுகளை விற்கவேண்டிய அன்று, என் கணவர் டீக்கடையில் பேப்பர் படித்துவிட்டு வேகமாக வந்தார்.

"சீனாவுல வெளிநாட்டுக் கம்பெனிங்கள வெளிய அனுப்பிட்டு கவர்மெண்டே யாவாரம் பண்ணுதாம். இனிமே சீனப் பட்டு இங்க வராது. நம்ம கூட்டுக்கு வெல ஏறும், பொறு" என்றார்.

"உள்ள இருக்கிற பூச்சி பொறுக்குமா?" என்றேன். அவர் கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்துக் கூடையைத் திறந்தார். கூடுகளைத் துளைத்து வெளிவந்த வெள்ளைப் பூச்சிகள் அவர் சட்டையில் ஏறின. துளை விழுந்த கூட்டில் நூல் எடுக்க முடியாது. பூச்சிகளைத் தட்டிவிடக்கூடத் தோன்றாமல் அவர் நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

அதன்பின் கூடுகளை விற்காமல் ஒருநாள்கூட வைத்திருந்ததில்லை. இப்போது அவர் இல்லை. பேப்பரில் சீனச் செய்தி வந்தால் மட்டும் உரக்கப் படிக்கிறேன், அவருக்குக் கேட்கட்டும் என்று.