பிரேக் அக்காவின் தவழும் கம்ப்யூட்டர்

டிரைவிங் ஸ்கூலில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, பக்கத்து இருக்கையில் கற்றுத்தருகிறவருக்கென்று தனியாக ஒரு பிரேக் இருக்கும். அதன் மேலிருந்து அவர் காலை எடுத்ததே இல்லை. அதனால் பிரேக் அக்கா. பல வருடம் அப்படியே காலை வைத்திருந்ததில் வலது முழங்கால் தேய்ந்துபோனது. ஆபரேஷன் முடிந்தபின், கொஞ்ச நாளைக்குக் காரில் ஏறவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஸ்கூல் முதலாளி அவரைவிட வயதில் சின்னவர். வேலையை விட்டு நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. கார்களில் அப்போதுதான் கேமரா பொருத்தியிருந்தார்கள். மாணவர்கள் ஓட்டியதை மறுநாள் அவர்களுக்கே போட்டுக் காட்டினால் நன்றாக இருக்கும் என்று அவருக்கு ஒரு யோசனை.

"வீட்ல உக்காந்தே வெட்டி ஒட்டிக் குடுங்கக்கா. எங்க தப்பு பண்றாங்கன்னு உங்களத் தவிர வேற யாருக்குத் தெரியும்?"

அக்காவுக்குக் கம்ப்யூட்டர் புதிது. ஆனால் ஒரு மாதத்தில் வேலை பிடிபட்டுவிட்டது. துணி தேய்க்கும் மேசை இருந்த ஒடுக்கமான அறையில், ஜன்னலோரமாகக் கம்ப்யூட்டரை வைத்தார்கள். ஜன்னலைத் திறந்தால் மாடிப்படி. ஏறி இறங்குகிறவர்களின் செருப்புச் சத்தம்தான் வேலைநேரத்துத் துணை. கணவர் குளிர்பதன மெக்கானிக். கம்ப்யூட்டரைப் பழையதாக வாங்கினாலும் உள்ளே எல்லாவற்றையும் சேமித்துவைக்கும் டிஸ்க்காகப் புதிய எஸ்.எஸ்.டி. போடச் சொல்லி வாங்கியிருந்தார். பழைய ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுற்றும், ஊசி ஓடித் தேடும். எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதும் இல்லை, ஓடுவதும் இல்லை. முழுக்க சிப்தான். அதனால்தான் அத்தனை வேகம். பட்டனைத் தட்டிவிட்டு நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் திரை தயாராக இருக்கும்.

வீட்டில் மூன்றாவது ஆள் மாமனார். பஸ் உதிரிபாகக் கிடங்கில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வுபெற்றவர். எந்த நட்டு எந்த அடுக்கில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர். வீட்டிலும் அதே கை. அலமாரியில் டப்பாக்கள் உயர வரிசையில் நிற்கும். அக்கா பிசியோதெரபிக்குப் போகும் நாட்களில் கம்ப்யூட்டரில் செய்தி படிப்பார். அதற்கு அக்காதான் சொல்லிக்கொடுத்திருந்தார்.

மழைக்காலம் தொடங்கியபோது கம்ப்யூட்டர் தவழ ஆரம்பித்தது. வீடியோவைத் திறந்தால் மணிமுள் மாதிரி ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். வெட்டிய துண்டுகளை ஒன்றாக்கச் சொன்னால் சில நாள் கிளம்பும்போதே கழுதை; சில நாள் குதிரை வேகத்தில் கிளம்பி, பாதியில் கழுதையாகிவிடும். முதலாளி போன் செய்தார்.

"அக்கா, நேத்து ஓட்டினவங்க வீடியோ இன்னும் வரல. எல்லாரும் வந்து உக்காந்திருக்காங்க."

"அனுப்பிக்கிட்டுத்தான் இருக்கேன் தம்பி. கம்ப்யூட்டர் நகர மாட்டேங்குது."

"பிரேக்ல கால் வெச்சிருக்கீங்களா பாருங்க!"

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

கம்ப்யூட்டர் கடைக்காரர் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "எஸ்.எஸ்.டி. போயிருக்கும். புதுசு போட்டுருங்க." பார்க்காமலே எப்படிச் சொல்கிறார் என்று அக்காவுக்கு எரிச்சல் வந்தது. கார் இழுக்கவில்லை என்று வருகிறவரிடம் எஞ்சினை மாற்று என்றா சொல்வார்கள்? ஹேண்ட்பிரேக் போட்டபடி ஓட்டுகிறவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார்!

தானே பார்ப்பது என்று முடிவு செய்தார். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவது, மாற்றியதும் அதே வீடியோவை ஒன்றாக்கிப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டார். கம்ப்யூட்டரின் எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் திரையைத் திறந்தார். பிராசசர் சும்மா உட்கார்ந்திருந்தது. மெமரியிலும் இடம் இருந்தது. டிஸ்க் மட்டும் மூச்சுவிட நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஆக, சிக்கல் அங்கேதான்.

டிஸ்க்கில் இடம் எவ்வளவு என்று பார்த்தால் பட்டை சிவப்பாக இருந்தது. கேமரா வீடியோக்கள் விளிம்புவரை நிரம்பிக் கிடந்தன. எஸ்.எஸ்.டி.க்கு எழுதக் கொஞ்சம் காலி இடம் வேண்டும், கழுத்துவரை அடைத்தால் திணறும் என்று படித்தார். பழைய வீடியோக்களைக் கொத்துக் கொத்தாக நீக்கினார். பட்டை நீலமாக மாறியது. வேகம் மட்டும் வரவில்லை. இதுதான் அவருக்குப் புரியாத புதிராக இருந்தது. வண்டியைக் காலி செய்த பிறகும் ஏன் இழுக்க மாட்டேன் என்கிறது?

"சூடு பார்த்தியா?" என்றார் கணவர். அவருக்கு உலகத்தில் எல்லாக் கோளாறும் சூட்டினால் வருவதுதான். ஆனால் இந்த முறை கொஞ்சம் விஷயம் இருந்தது. பெட்டியைத் திறந்தால், விரல் நீளத்தில் இருந்த அந்த எஸ்.எஸ்.டி. கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் வெந்துகொண்டிருந்தது. சூடு ஏறினால் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கணவர் அதன்மேல் மடிப்பு மடிப்பாக ஓர் அலுமினியத் தகட்டை ஒட்டினார், தூசி அடைத்த விசிறியைச் சுத்தம் செய்தார். பாதியில் கழுதையாவது நின்றது. கிளம்பும்போதே கழுதையாக இருப்பது நிற்கவில்லை.

எஸ்.எஸ்.டி.யின் உடல்நிலையைச் சொல்லும் ஒரு சின்ன மென்பொருளைப் போட்டுப் பார்த்தார். வாங்கியதிலிருந்து எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்றும் அது காட்டியது. அவர் செய்த வேலையைப்போல் பல மடங்கு. பிசியோதெரபிக்குக் கிளம்பும் முன் அந்த எண்ணைப் பார்த்துவைத்தார், திரும்பி வந்ததும் பார்த்தார். ஆள் இல்லாத கிடங்கில் யாரோ லாரி லாரியாகச் சரக்கு ஏற்றி இறக்கியதுபோல் அது எகிறியிருந்தது.

"வைரஸ்தான்," என்றார் கணவர்.

அடுத்த முறை பிசியோதெரபிஸ்ட் விடுப்பு. அது தெரியாமல் கிளம்பிய அக்கா, பாதி வழியில் போன் வந்ததும் திரும்பிவிட்டார். வீட்டுக்குள் நுழைந்தபோது தேய்க்கும் அறையின் கதவு ஒருக்களித்திருந்தது. மாமனார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். சிவப்புக் கட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்து, இன்னோர் இடத்தில் நீலமாக வந்து உட்கார்ந்தன. தூங்கும் குழந்தையைப் பார்ப்பதுபோல அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா பண்றீங்க?"

அவர் திடுக்கிடக்கூட இல்லை. "வந்துட்டியாம்மா? உள்ள எல்லாம் கண்டபடி கெடக்கு. ஒரு வீடியோ நாலு எடத்துல சிதறிக் கெடக்கு. அடுக்கி வெக்கிறேன்."

கிடங்கில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் அவர் வாராவாரம் செய்த வேலைதான் அது. கிடங்கு நண்பர் ஒருவர் அந்த மென்பொருளைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருக்கிறார். வேகப்படுத்தவா என்று அது கேட்டதற்கெல்லாம் சரி சரி என்று அமுக்கியிருக்கிறார்.

"எத்தனை நாளா நடக்குது?"

"முன்னெல்லாம் வாரம் ஒரு தடவைதான். ஸ்லோவா இருக்குன்னு நீ பொலம்ப ஆரம்பிச்சதும், நீ வெளிய போறப்பல்லாம் பண்றேன்."

ஊசி ஓடும் ஹார்ட் டிஸ்க்கில்தான் அடுக்கிவைப்பதால் பயன். எஸ்.எஸ்.டி.யில் எங்கே சிதறிக் கிடந்தாலும் எடுக்க ஆகும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதே சமயம் ஒவ்வொரு முறை இடம் மாற்றும்போதும் அதன் ஆயுளில் ஒரு துளி போகிறது. பெரியவர் அக்கறையோடு அதைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே இதுல கை வெக்காதீங்க!" என்றார்.

அவர் எழுந்தார். நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிட்டு ஹாலுக்குப் போய்விட்டார்.

அக்கா அந்த மென்பொருளை நீக்கிவிட்டு, அது வேறு எதில் கை வைத்திருக்கிறது என்று துருவினார். புதிருக்கு விடை கிடைத்தது. நாம் ஒன்றை நீக்கும்போது, அந்த இடம் இனிமேல் காலி என்று கம்ப்யூட்டர் எஸ்.எஸ்.டி.க்குத் தெரிவிக்க வேண்டும். டிரிம் என்று அதற்குப் பெயர். அந்த மென்பொருள் டிரிம்மை நிறுத்திவைத்திருந்தது. அக்கா கொத்துக் கொத்தாக நீக்கிய சேதி எஸ்.எஸ்.டி.க்குப் போய்ச் சேரவே இல்லை. அது இன்னும் நிறைமாதக் கர்ப்பிணிபோல் மூச்சுவாங்கிக்கொண்டிருந்தது. டிரிம்மைத் திரும்ப இயக்கி, காலி இடம் முழுவதையும் ஒரேயடியாகத் தெரிவிக்கும் கட்டளையைக் கொடுத்தார். டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து அதே வீடியோவை ஒன்றாக்கினார். ஓட்டமாக ஓடி முடிந்தது.

அந்தச் சந்தோஷத்தைப் பகிர்ந்துகொள்ள வீட்டில் ஆள் இல்லை. மாமனார் அதன்பிறகு அந்த அறைப் பக்கமே வரவில்லை. தேய்த்த சட்டையை எடுக்கக்கூட மகனைத்தான் அனுப்பினார்.

"அப்பாவ என்ன சொன்ன?"

"கம்ப்யூட்டரத் தொடாதீங்கன்னு சொன்னேன்."

"எந்தக் குரல்ல சொன்ன?"

அக்கா யோசித்தார். "ஸ்டூடண்ட் லாரிக்கு அடியில விடப் போனா சொல்ற குரல்ல."

கணவர் சட்டையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனார்.

மறுநாள் அக்கா இரண்டு கப் டீயோடு ஹாலில் போய் உட்கார்ந்தார். மன்னிப்பு என்ற வார்த்தை அந்த வீட்டில் புழக்கத்தில் இல்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"மாமா, உங்க கெடங்குல கடைசி அடுக்குலேர்ந்து ஒரு சாமான் எடுக்க நடந்து போகணும் இல்ல? இதுல நடையே கெடயாது. எல்லா அடுக்கும் கையெட்டுற தூரத்துல. ஆனா ஒரு சாமான எடம் மாத்தினா அடுக்கு கொஞ்சம் தேயும்."

அவர் டீயைப் பார்த்தபடி இருந்தார். "அப்ப ஸ்டோர்கீப்பரே வேண்டாங்கிற."

"அடுக்கத்தான் வேண்டாம். எத வெக்கணும், எதக் கழிக்கணும்னு பார்க்க ஆள் வேணும். எனக்கு நேரமே இல்ல. அஞ்சுல ஒரு பங்கு எப்பவும் காலியா இருந்தா இது நல்லா ஓடும்."

மறுநாள் அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் வந்தார்.

அன்றிலிருந்து வீடியோ பிரிக்கும் வேலை அவருடையது. கண்ணாடி பார்க்காமல் திரும்பியவர்கள் ஒரு ஃபோல்டரில், கிளட்சை விட்டுவிட்டு வண்டியைக் குதிக்கவிட்டவர்கள் ஒரு ஃபோல்டரில். மீதியெல்லாம் குப்பை. வேலை படு சுத்தம். டிஸ்க்கும் காற்றோட்டமாக இருந்தது.

பிறகு ஒரு நாள் முதலாளி கேட்டார், ஸ்கூலில் பழகும் தையல்காரம்மா ஒருவர் சரிவில் ரிவர்ஸ் எடுத்த வீடியோ எங்கே என்று. அந்தம்மா இரண்டு முறை டெஸ்ட்டில் தோற்றவர். ரிவர்ஸ் என்றாலே பயப்படுவார். முந்தின நாள்தான் முதல்முறையாகச் சறுக்காமல், இடிக்காமல் எடுத்திருந்தார். அதைப் பார்த்தால் தைரியம் வரும் என்று அவரே கேட்டிருக்கிறார். அக்கா தேடினார். இல்லை.

"மாமா, சரிவுல ரிவர்ஸ் போன வீடியோ?"

"அத எடுத்துட்டேம்மா. அதுல தப்பே இல்லியே."

"தப்பே இல்லாததுதான் மாமா வேணும்!"

நீக்கியதை மீட்கும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தார். பெயர் மட்டும் வந்தது, உள்ளே வெறுமை. டிரிம் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். காலி என்று சொன்ன இடத்தை எஸ்.எஸ்.டி. மெய்யாகவே துடைத்துவிட்டிருந்தது. கேமராவிலும் பழையதன்மேல் புதியது பதிவாகிவிட்டது. இன்னொரு பிரதி எடுத்துவைக்கும் வழக்கம் அக்காவிடம் இல்லை. அதை மாமனார் மேல் போட முடியாது.

மாமனார் முகம் சுண்டிப்போனது. "கெடங்குல சாமானத் தூக்கிப் போட்டாலும் குப்பையில கெடக்கும். இதுல அதுகூட இல்லியா?"

அக்கா தையல்காரம்மாவுக்குப் போன் செய்து, வீடியோ போய்விட்டது என்று உள்ளதைச் சொன்னார். எதிர்முனையில் தையல் மிஷின் சத்தம் நின்றது.

"நெசமாவே நான்தான் ஓட்டினேனான்னு சந்தேகமா இருக்கு. நீங்க கூட வந்தா இன்னொரு தடவை எடுக்கறேன்," என்றார் தையல்காரம்மா.

அக்கா டாக்டரைக் கேட்டார். ஒரு முறை, அதுவும் மெதுவாக என்றால் பரவாயில்லை என்றார். இரண்டு நாள் கழித்து, மழை விட்ட காலையில், அக்கா காரில் ஏறினார். சரிவில் தையல்காரம்மாவுக்கு முதல்முறை வண்டி சறுக்கியது, இரண்டாவது முறை எஞ்சின் நின்றது. மூன்றாவது முறை பின்கண்ணாடியைப் பார்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, வண்டியைக் கோட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தினார்.

அந்த வீடியோவை இரண்டு பிரதி எடுத்தார்கள். இரண்டாவது பிரதிக்கென்றே கணவர் தட்டு சுற்றும் ஹார்ட் டிஸ்க் ஒன்றை வெளியே இணைத்துக் கொடுத்தார். அது பழைய வகை, அடுக்கிவைத்தால் பயன் உண்டு. "இதுல வேணும்னா அடுக்கிக்குங்க மாமா, மாசம் ஒரு தடவை போதும்," என்றார் அக்கா. கம்ப்யூட்டரோடு வரும் மென்பொருளே அதற்குப் போதுமாக இருந்தது. அதில் வண்ணக் கட்டங்கள் கிடையாது, வெறும் சதவீதம்தான் ஓடும். மாமனாருக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

தையல்காரம்மா அடுத்த டெஸ்ட்டில் தேறினார். எஸ்.எஸ்.டி. ஆயுளில் கொஞ்சத்தை இழந்திருந்தாலும் இன்றுவரை ஓடுகிறது. முழங்கால் தேறியதால் அக்கா வாரத்தில் இரண்டு நாள் காலையில் ஸ்கூலுக்குப் போகிறார், மற்ற நாட்களில் வீட்டில் வேலை. எதையாவது நீக்கும் முன் மாமனார் இப்போது சமையலறை வரை வந்து கேட்கிறார்.

"இதுல தப்பு எதுவும் இல்லம்மா. வெச்சுக்கவா?"