மைனிக்கு எடுத்து வைத்த டப்பா

மஸ்கட்டிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் சோப்பு, தைலத்தோடு வலி மாத்திரை டப்பாக்களும் கொண்டு வருவேன். எங்கள் ஊரில் அதைக் கேட்காத வீடு கிடையாது. அதில் பெரிய டப்பா என் அண்ணன் மனைவி தங்கம் மைனிக்கு. கருங்கல் ஊர்ப் பக்கம் முந்திரி ஆலையில் நாள் முழுக்கக் குத்தவைத்திருந்து கொட்டை உடைக்கிறவள். "இதைப் போட்டாத்தான் மக்கா முட்டு மடங்குது" என்பாள். எனக்குப் பெருமையாக இருக்கும். ஒரு நாளைக்கு எத்தனை போடுகிறாள் என்று நான் கேட்டதே இல்லை.

போன லீவில் வந்து இறங்கிய அன்றைக்கே, மைனியின் முகமும் காலும் வீங்கிக் கிடந்ததைப் பார்த்துப் பயந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ரத்தப் பரிசோதனை முடிந்ததும், இரண்டு கிட்னியும் கெட்டுப்போச்சு என்றார் டாக்டர்.

"வருஷக்கணக்கா வலி மாத்திரை சாப்பிட்டிருக்கீங்க. யாரு தந்தது?"

மைனி என் பக்கம் திரும்பவே இல்லை. "கடையில வாங்கினதாக்கும் டாக்டர்" என்றாள்.

தந்தது நான்தான். இன்றுதான் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். துணிக்கு மேலேயே இருந்தது, அவள் பெயர் எழுதி ஒட்டிய டப்பா. வலி கூடிவிட்டது என்று போனில் சொல்லியிருந்தாளே என்று, இந்தத் தடவை இரண்டாக வாங்கியிருந்தேன்.