தனுஷன் பேசியதை எங்கே வைப்பது

இலங்கை மலையகத்தில் லிந்துலைக்கு மேலே, தேயிலைச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், சீதாலெட்சுமி இருக்கிறாள். கொழுந்து பறிக்கிறவள். புருஷன் வீரபத்திரன் தோட்டத்து லொறியில் கொழுந்து ஏற்றுகிறவன். இவர்களுக்கு ஒரே மகன், தனுஷன். பிறவியிலேயே காது கேட்காது.

அது தெரிய வந்தபோது அவனுக்கு இரண்டு வயதிருக்கும். ஒரு மத்தியானம் ஆலங்கட்டி மழை தகரக் கூரையைப் பிய்த்துவிடுவதுபோல் கொட்டியது. லயத்துப் பிள்ளைகள் எல்லாம் அலறிக்கொண்டு ஓடினார்கள். இவன் மட்டும் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு தேங்காய்ச் சிரட்டையை உருட்டிக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் உறுதியாகச் சொன்ன பிறகு சீதாலெட்சுமி சில நாள் அழுதாள். பிறகு கையால் பேச ஆரம்பித்தாள். இரண்டு விரலால் கிள்ளினால் கொழுந்து. மீசையை முறுக்கினால் அப்பா. அம்மாவுக்கு என்ன சைகை என்று அவள் யோசிப்பதற்குள் பிள்ளையே தன் மூக்கைத் தொட்டு, அவளுடைய மூக்குத்தியைக் காட்டிவிட்டான். அன்றிலிருந்து அதுதான் அவள் பெயர்.

பிறகு கண்டிப் பக்கம் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் ஒன்றில், விடுதியில் சேர்த்தார்கள். லீவுக்கு வரும்போதெல்லாம் புதுப்புதுச் சைகைகளோடு வருவான். அவளும் விடாமல் கற்றுக்கொண்டாள். ஆனால் லீவு முடிந்து போய்விட்டால் பேச்சே இல்லை. விடுதிக்கு போன் எடுத்தால், “நல்லா இருக்கான்” என்று விடுதியைப் பார்த்துக்கொள்ளும் அம்மா சொல்லுவார். அதைக் கேட்டுக்கொண்டு வைக்க வேண்டியதுதான். மகன் என்ன நினைக்கிறான், யாரோடு சண்டை, எதற்குச் சிரித்தான், ஒன்றும் தெரியாது. வருஷக்கணக்காக அப்படித்தான் போனது.

படிப்பு முடிந்து கண்டியில் ஒரு பேக்கரியில் வேலை கிடைத்ததும், அவன் முதலில் வாங்கியது அம்மாவுக்கு ஒரு போன். தோட்டத்தில் சிக்னல் விட்டுவிட்டு வரும். நேரே பார்த்துப் பேசினால் படம் உறைந்து நின்றுவிடும். அதனால் அவன் வேலை முடிந்ததும் வீடியோ எடுத்து அனுப்புவான். அவள் சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறி அதை வாங்கிப் பார்த்து, பதில் எடுத்து அனுப்புவாள். சரிந்துபோன முதல் கேக்கைப் பற்றிச் சொன்னான். முதலாளியம்மா நடக்கிற மாதிரி நடந்து காட்டினான். காய்ச்சலோடு இருந்துகொண்டு ஒன்றுமில்லை என்றான். கை சோர்ந்து விழுந்ததிலேயே அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

ஒருநாள் போன் இனி இடமில்லை என்று சொல்லிவிட்டது.

கோயில் திருவிழாப் படங்களை அழித்தாள். காலை வணக்கம் என்று வந்து குவிந்த பூப்படங்களை அழித்தாள். தான் பட்டுச் சேலையில் நின்ற படத்தையும் அழித்தாள். இன்னும் போதவில்லை. மகனுக்கு அனுப்பிய தன் பதில்களையெல்லாம் அழித்தாள். அதில் என்ன இருக்கிறது, சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதுதானே. ஒரு மாதம் ஓடியது. மறுபடியும் இடமில்லை.

“பழச அழிச்சிட்டுப் போவியா,” என்றான் வீரபத்திரன். “எல்லாரும் போன்ல பேசிட்டு வச்சிடுறாங்க. பேசுனத யாரு சேத்து வைக்கிறா?”

“அவங்க புள்ளைங்க பேசுனது காத்தோட போயிருதுங்க. என் புள்ள பேசுனது கண்ணுக்கு முன்னால இருக்கு. அத நானே எப்புடி அழிக்கிறது?”



தலவாக்கலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பிரியந்தி என்ற பெண் போன் கடை வைத்திருக்கிறாள். சீதாலெட்சுமி ஒரு பென் டிரைவை வாங்கி, போனையும் சேர்த்து அவளிடம் கொடுத்தாள்.

“இதுல எல்லாம் அடங்காதுக்கா,” என்றாள் பிரியந்தி. “ஆனா வீடியோவச் சுருக்கலாம். சுருக்குனா கொள்ளும்.”

சுருக்கிய வீடியோவைப் பார்த்ததும் சீதாலெட்சுமிக்குப் பகீர் என்றது. முகம் தெரிந்தது. கை ஓடும்போது விரல்கள் மட்டும் ஒன்றோடொன்று கரைந்து புகைபோல் ஆகிவிட்டன.

“தங்கச்சி, இதுல நாளைக்கி வாறேங்கிறானா, வரலேங்கிறானான்னே தெரியலியே!”

பிரியந்தி பதறிப்போனாள். விரல்தான் பேச்சு என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. “பயப்படாதீங்கக்கா. பழசு அப்புடியே இருக்கு. நீங்க பாத்துச் சரின்னு சொல்லாம ஒண்ணையும் அழிக்க மாட்டேன்.”

அந்த ஒரு வார்த்தைக்காகவே அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது சீதாலெட்சுமிக்கு.

பிரியந்தி யோசித்தாள். இடத்தை மிச்சப்படுத்த அசைவுகளைக் குறைத்ததுதான் தப்பு. அசைவு அப்படியே இருக்கட்டும். வேறு எதைக் குறைக்கலாம்?

“அக்கா, அவரு பேசுறதுக்கு இடுப்புக்குக் கீழ வேணுமா?”

“வேணாம்மா.”

“பின்னால இருக்கிற சுவரு, அடுப்பு, தட்டு?”

“அதெல்லாம் எதுக்கு? மொகமும் கையும் இருந்தாப் போதும்.”

வாடிக்கையாளர் இல்லாத நேரங்களில் பிரியந்தி ஒவ்வொரு வீடியோவாக ஓரங்களை வெட்டினாள். இரண்டு தடவை சேமிக்கப்பட்டிருந்தவற்றில் ஒன்றை நீக்கினாள். படத்தின் அளவைச் சிறிதாக்கினாள், அசைவைத் தொடவில்லை. சில நாள் கழித்து சீதாலெட்சுமி போய்ப் பார்த்தபோது மகனின் விரல்கள் துலக்கமாக ஓடின. எல்லாம் பென் டிரைவில் அடங்கி, இன்னும் கொஞ்சம் இடமும் மிச்சமிருந்தது. அவள் பார்த்துச் சரி என்ற பிறகுதான் பிரியந்தி போனைக் காலி செய்தாள்.

“ஆனா ஒரே எடத்துல மட்டும் வச்சிராதீங்க,” என்றாள் பிரியந்தி. “நம்ம ஊரு ஈரத்துல எது எப்ப கெட்டுப்போகும்னு சொல்ல ஏலாது. இன்னொரு பிரதி வேற வீட்டுல இருக்கணும்.”

யார் வீட்டில் வைப்பது என்று சீதாலெட்சுமிக்குத் தோன்றவில்லை.

தீபாவளிக்குத் தனுஷன் வந்தான். சீதாலெட்சுமி பெருமையாகப் பென் டிரைவை டிவியில் செருகிப் போட்டுக் காட்டினாள். தன்னைத் தானே பார்த்து அவன் விழுந்து விழுந்து சிரித்தான். கொஞ்ச நேரத்தில் சிரிப்பை நிறுத்தி, மூக்கைத் தொட்டு, எங்கே என்று கேட்டான். அம்மா பேசியது எங்கே?

இடமில்லை, அழித்துவிட்டேன் என்று கையைத் துடைத்துக் காட்டினாள்.

அவன் முகம் மாறியது. எழுந்து போய்த் தன் போனை எடுத்து வந்து டிவியோடு இணைத்தான்.

முதல் நாளிலிருந்து அவள் அனுப்பிய ஒவ்வொன்றும் அதில் இருந்தது. தான் பேசியதைத்தான் அவன் இடத்துக்காக அழித்திருந்தான்.

கொழுந்து பறிக்கும்போது கட்டும் படங்குத் துணியை இடுப்பில் கட்டி, தலையில் கூடைக் கயிற்றோடு, தூறலில் நின்று ஒருத்தி மகனை ஏசிக்கொண்டிருந்தாள். பட்டினி கிடக்காதே என்கிறாள். கைகள் என்ன வேகம்! பின்னால் பக்கத்து வீட்டுக் கோசலா எட்டிப்பார்த்துக் கையாட்டுகிறாள். தான் பேசுவதை சீதாலெட்சுமி அதுவரை பார்த்ததே இல்லை. இந்தப் பிள்ளையிடம் பேச இத்தனை கற்றிருக்கிறோமா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. கண் நிறைந்துவிட்டது.

ஒரு வீடியோவில் வீரபத்திரன் வந்தான். சாப்பிட்டாயா என்று கேட்க நினைத்து, சைகை மாறிச் சண்டை போட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்தான். தாயும் மகனும் சிரித்த சிரிப்பில் அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“அத இன்னொருக்காப் போடச் சொல்லு,” என்றான்.

மறுநாள் தாயும் மகனும் உட்கார்ந்து வீடியோக்களைப் பிரித்தார்கள். வந்துவிட்டேன், சாப்பிட்டேன் என்று மட்டும் சொன்னவற்றை அழிக்கலாம் என்றான் மகன். நாளைக்கும் சாப்பிடுவேன், புதிது அனுப்புவேன் என்று கை சொன்னது. அவள் தயங்கித் தயங்கிச் சம்மதித்தாள். இருவர் பேச்சும் கலந்து இரண்டு பிரதி ஆயிற்று. ஒன்று லயத்தில் இருக்கும், ஒன்று அவனோடு கண்டிக்குப் போகும்.

அவனை பஸ் ஏற்றிவிட்டு, சீதாலெட்சுமி அதிரசப் பொதியோடு பிரியந்தியின் கடைக்குப் போனாள்.

“நீ மட்டும் அன்னிக்கிப் பழச அழிச்சிருந்தா எம் புள்ள பேச்செல்லாம் புகையாப் போயிருக்கும் தங்கச்சி. நீ நல்லா இருக்கணும்.”

பிரியந்தி பொதியை வாங்கிக்கொண்டாள். “எனக்கு ஒண்ணு சொல்லுங்கக்கா. மாவு மூட்ட மேல உக்காந்து, சிரிச்சுச் சிரிச்சு ஒரு வீடியோ எடுத்திருந்தாரே. வெட்டும்போது எத்தன தடவ பாத்தேன்! என்ன சொல்றாருன்னு கேக்கணும்னே இருந்தேன்.”

“அதுவா? அன்னிக்கித்தான் மொதலாளியம்மா பேக்கரிச் சாவிய அவன் கையில குடுத்தாங்க. இனி காலையில நீதான் தொறக்கணும்னு.”

சொல்லிவிட்டுப் பையைக் கீழே வைத்தாள். மகன் சொன்ன மாதிரியே அதை முழுக்கக் கையால் சொல்லிக் காட்ட ஆரம்பித்தாள். சார்ஜர் வாங்க வந்து நின்றவரும் அவசரப்படாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.