அவள் மாத்திரை, அவர் காய்ச்சல்

கர்ப்பப்பையை எடுத்ததிலிருந்து அவள் தினமும் ஒரு ஹார்மோன் மாத்திரை போட்டுக்கொள்வாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை. மாத்திரை போடாமல் வேலை நடுவில் உடம்பு குப்பென்று கொதித்தால் கை வழுக்கிவிடும். அன்று காலை அட்டையை எடுத்தாள். நேற்று பிரித்த அட்டை, பாதிக்குமேல் காலி.

கட்டிலில் ஃப்ளூ காய்ச்சலோடு கிடந்தார் கணவர், லிஃப்ட் மெக்கானிக்.

"ஏங்க, என் மாத்திரையத் தொட்டீங்களா?"

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "போன்ல படிச்சேன். பொம்பளைங்க உடம்புல ஊறுற ஹார்மோன், ஃப்ளூவோட சண்டை போட உடம்புக்கு ஒத்தாசை பண்ணுமாம்."

"அதுக்கு? இவ்ளோ பெரிய மீசைய வச்சுக்கிட்டு இத முழுங்குவீங்களா?"

சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. இருமி ஓய்ந்த பிறகும் மூச்சு அடங்கவில்லை. உதடு வெளுத்திருந்தது.

டாக்ஸி ஓட்டுகிற நாத்தனாரைக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அவளுக்கு ஒரே நினைப்பு: காய்ச்சலா, இல்லை, என் மாத்திரையா?

"அண்ணி, மாத்திரை விஷயத்த டாக்டர்கிட்ட வாய விட்டுச் சொல்லிடுங்க. வெட்கப்பட்டு மறைச்சிடாதீங்க," என்றாள் நாத்தனார்.

சொன்னாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"உதவலாம்னுதான் சொல்றாங்க, உதவும்னு இல்ல. அதுவும் ஆராய்ச்சிக்கூடத்துல, உடம்புலேர்ந்து எடுத்த செல்லுல பார்த்தது. பெண்களோட செல்லுல தெரிஞ்சது, ஆண்களோடதுல தெரியலயாம். ஆனா இந்த மாத்திரையால ரத்தக்குழாய்ல ரத்தம் கட்டியா உறையலாம். நுரையீரல ஸ்கேன் பண்ணிப் பார்த்துடுவோம்."

ஸ்கேன் அறைக் கதவு சாத்திக்கொண்டது. அவளுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. நாத்தனார் வாங்கி வந்த டீ கையிலேயே ஆறியது. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்தாள். ஒவ்வொரு தடவையும் வேறு யாரோ.

கடைசியில் டாக்டரம்மாவே வந்தார். "ரத்தம் உறையல. ஃப்ளூ நுரையீரலுக்கு இறங்கியிருக்கு. மருந்து ஆரம்பிச்சாச்சு. நாளைக்கு வரைக்கும் எதுவும் சொல்ல முடியாது."

மறுநாளும் டாக்டரம்மா உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. அதற்கும் அடுத்த நாள்தான் காய்ச்சல் இறங்கியது. ஆக்ஸிஜன் குழாயைக் கழற்றியதும் அவள் முதலில் கேட்டது:

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"மூச்சு வாங்க ஆரம்பிச்சதும் பயந்துட்டேன்டி."

எத்தனையோ மாடி ஆழமான லிஃப்ட் குழிக்கு மேலே கயிற்றில் தொங்கிக்கொண்டு வேலை பார்க்கிற மனுஷன். இந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. போர்வையை அவர் கால்மேல் இழுத்துவிட்டாள்.

"இனிமே என்கிட்ட சொல்லிட்டுப் பயப்படுங்க."