நாற்பத்தொன்பதாவது வாரம்

2023 அக்டோபர் 16. ஆராய்ச்சித் திட்டம், முதல் தவணை வரவு. ரூ. 1,80,000.
2023 அக்டோபர் 30. இன்குபேட்டர். ரூ. 74,340.
2024 அக்டோபர் 9. ஐஸ் கட்டி, ரூ. 30. பஸ், பெண்கள் இருவர், ரூ. 0.
2024 அக்டோபர் 10. ஆயுத பூஜை: பொரி, கடலை, பழம், பூ, சந்தனம். ரூ. 1,150.
2024 நவம்பர் 11. ஸ்பீட் போஸ்ட். ரூ. 83.
2025 பிப்ரவரி 14. ஸ்பீட் போஸ்ட், நினைவூட்டல். ரூ. 41.

பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்த அமிர்தசாமியின் மகள் ஜென்சி பிறந்தது 1980 ஏப்ரல் 12. திருச்சியில் ஒரு தனியார் கல்லூரியில் பத்தொன்பது வருடமாக நுண்ணுயிரியல் சொல்லிக் கொடுத்தாள். மரபணுவின் ஒரு துணுக்கைக் கோடிக்கணக்கில் பெருக்கும் பிசிஆர் கருவியை வருடத்துக்கு ஒரு தடவை கரும்பலகையில் வரைவாள். அந்தக் கருவியைத் தொட்டதில்லை. ஒரு வருடம் முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி, "அது ஓடும்போது சத்தம் போடுமா மேடம்?" என்று கேட்டாள். ஜென்சிக்குத் தெரியவில்லை. புத்தகத்தில் அது எழுதியிருக்கவில்லை.

கல்லூரி ஆசிரியர்களுக்கான ஆராய்ச்சித் திட்டம் ஒன்றுக்கு அவள் விண்ணப்பித்தது அதற்குப் பிறகுதான். மாணவிகளோடு சேர்ந்து, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறைத் தண்ணீரில் எத்தனை கிருமி இருக்கிறது என்று வாராவாரம் எண்ண வேண்டும். ஐம்பத்திரண்டு வாரம், இடைவெளி இல்லாமல். அதை முடித்தால், தேசிய ஆய்வுக்கூடம் ஒன்றில் பிசிஆர் கருவியிலேயே மூன்று மாதப் பயிற்சி. சேரும் நாளில் நாற்பத்தைந்து வயது முடிந்திருக்கக் கூடாது. வயதில் தளர்வு கிடையாது.

2023 நவம்பர் 8, புதன்கிழமை, முதல் பாட்டில் நிரம்பியது. பொங்கலுக்கும் போனார்கள், ஆடிப்பெருக்கு வாரத்திலும் போனார்கள். உறையூரிலிருந்து வரும் மூன்றாம் வருட மாணவி சுராயா ஒரு புதன்கூடத் தவறவில்லை. நாற்பத்தெட்டு வாரம் ஓடிவிட்டது.

நாற்பத்தொன்பதாவது மாதிரி எடுத்தது அக்டோபர் 9. காலை பத்து மணிக்கு, கிருமி வளர்க்கும் தட்டுகள் சூடு மாறாமல் காக்கும் இன்குபேட்டருக்குள் போயின. முப்பத்தைந்து டிகிரியில் நாற்பத்தெட்டு மணி நேரம் இருக்க வேண்டும். கதவில் 'அணைக்கக் கூடாது' என்று காகிதம் ஒட்டியிருந்தது. மறுநாள் பிற்பகல் ஆய்வகத்தில் பூஜை. ஜென்சி பக்கத்துக் கட்டடத்தில் தேர்வு மேற்பார்வையில் இருந்தாள். பொரி அங்கேயே வந்தது, வாங்கிச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை விடுமுறை. வாட்ச்மேனைத் திறக்கச் சொல்லி அவளும் சுராயாவும் உள்ளே போனார்கள். இன்குபேட்டரில் சந்தனமும் குங்குமமும் பளிச்சென்று இருந்தன. விளக்கு எரியவில்லை. உள்ளே இருபத்தெட்டு டிகிரி. ஒட்டியிருந்த காகிதம் நாலாக மடித்து மேஜை டிராயரில் பத்திரமாக இருந்தது.

ஆய்வக உதவியாளர் பிச்சமுத்து இருபத்தேழு வருடமாக அங்கே இருப்பவர். போனில் கூப்பிட்டதும் சைக்கிளில் வந்து சேர்ந்தார்.

"ஓடிக்கிட்டிருக்கிற மெஷினுக்குப் பொட்டு வைக்கலாமா மேடம்? வருஷத்துல ஒருநாள் அதுக்கும் ரெஸ்ட் வேணும்ல. உங்க மெஷினாச்சேன்னு முதல்ல அதுக்குத்தான் வச்சேன்" என்றார். என்ன நடந்தது என்று சுராயா விளக்கிய பிறகு அவர் ஸ்டூலில் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை துறைத்தலைவர் பிரேமலதா கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். "அதுக்கு முந்தின வாரக் கணக்கு இருக்கு, இந்த வாரக் கணக்கும் வரும். நடுவுல ஒரு நம்பர் போடு ஜென்சி. யாரு போயிக் காவிரியைக் கேக்கப் போறா?"

"அந்த வாரந்தான் மேடம் மழை. ஆத்துல என்ன வந்துச்சுன்னு எனக்கே தெரியாது."

அப்படிச் சொன்னவள்தான், பதினாறாம் தேதி அடுத்த மாதிரியை வைத்துவிட்டு, பதிவேட்டின் காலிக் கட்டத்தில் பென்சிலால் 1,300 என்று எழுதினாள். அருகில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த சுராயா எட்டிப் பார்த்து, "இது எந்தத் தட்டு மேடம்?" என்று கேட்டாள். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஜென்சி ரப்பரை எடுத்து அழித்தாள். அந்த இடத்தில் காகிதம் மெலிந்துபோனது.

ஐம்பத்திரண்டு முடிந்ததும், ஈடாக நவம்பர் 6 அன்று ஐம்பத்து மூன்றாவது மாதிரியும் எடுத்தாள். அறிக்கையில் நாற்பத்தொன்பதுக்கு நேரே 'அளவு இல்லை' என்று போட்டு, காரணத்தை ஒன்றரைப் பக்கம் எழுதினாள். கணவர் ரெஜிஸ் படித்துப் பார்த்தார். "பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்டகூட நீ இவ்வளவு சொன்னதில்லையே" என்றார். அவள் சிரிக்கவில்லை.

ஜனவரி 6இல் திட்ட அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. 10இல் பதில் போனது. பிறகு ஒன்றும் வரவில்லை. இணையதளத்தில் பார்த்தால் 'பரிசீலனையில்' என்றே இருந்தது. போன் செய்தால், கோப்பு மேலே போயிருக்கிறது, முடிவு தபாலில்தான் வரும் என்றார்கள். பிப்ரவரியில் தன் பிறந்த தேதியைச் சிவப்பு மையில் எழுதி நினைவூட்டல் அனுப்பினாள். மார்ச்சில் பதினொரு தடவை போன் செய்தாள். கடைசித் தடவை, எதிர்முனையில் இருந்தவரிடம் அழுதுவிட்டாள். அவர் மன்னிப்புக் கேட்டு, வேறொருவரின் எண்ணைக் கொடுத்தார். அந்த எண்ணில் யாரும் எடுக்கவே இல்லை.

தினமும் பன்னிரண்டு மணிக்குப் பிச்சமுத்து அலுவலகத்துக்குப் போய்த் தபாலைப் பார்த்து வருவார். யாரும் அனுப்பியதில்லை, அவராகவே போவார். திரும்பும்போது வராந்தாக் கோடியிலிருந்தே வெறும் கையை விரித்துக் காட்டுவார். ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமையும் விரித்துக் காட்டினார். மறுநாள் அவளுக்கு நாற்பத்தைந்து முடிந்தது, ரெஜிஸ் கேக் வாங்கி வந்தார். ஜென்சி அதை வெட்டாமல் ஃப்ரிட்ஜில் வைத்தாள்.

அதற்குப் பிறகும் பிச்சமுத்து போய்க்கொண்டுதான் இருந்தார். போக வேண்டாம் என்று அவரிடம் சொல்ல ஜென்சிக்கு மனம் வரவில்லை. ஒருநாள் வராந்தாக் கோடியில் கவரை உயர்த்திப் பிடித்தபடி ஓட்டமும் நடையுமாக வந்தார்.

ஒரே பக்கம். ஐம்பத்து மூன்றாவது வாரத்தை ஏற்றுக்கொள்கிறோம். விடுபட்டதை மறைக்காமல் எழுதியதற்குக் குழு பாராட்டுத் தெரிவிக்கிறது. வயது வரம்புக்கு உட்பட்டு உடனே பயிற்சியில் சேரலாம்.

"நல்ல சேதிதானே மேடம்?" என்றார் பிச்சமுத்து.

"ஆமாண்ணே. ஒத்துக்கிட்டாங்க" என்றாள் ஜென்சி.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லோரிடமும் சொல்லப் போனார். அவள் கடிதத்தை மடித்துப் பதிவேட்டில் நாற்பத்தொன்பதாவது வாரத்தின் பக்கத்தில் வைத்தாள்.

கடிதத்தில் இருந்த தேதி 2025 ஏப்ரல் 3. வந்து சேர்ந்த தேதி ஏப்ரல் 17, பெரிய வியாழன்.